ஒன்பது மணி இரண்டு நிமிடம்

மூன்று எழும்பியிருக்கிறது, நான்காவது எழும்பவில்லை, அவ்வளவுதான் விஷயம், இது ஒரு கம்ப்யூட்டருக்குப் புரியவில்லை என்றால் அதைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டியதுதான். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே எத்தனையாவது தடவையாக இதை நினைக்கிறேன் என்று தெரியவில்லை. மணி பதினொன்றேகால். பெங்களூரில் பிளெஸ்ஸியிடம் பேசி வைத்து இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. இந்நேரம் விண்வெளியில் சுற்றுகிற இன்னொரு நாட்டு எக்ஸ் கதிர் டெலஸ்கோப் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கும், என் சொல்லைக் கேட்டு, கோயம்புத்தூர் சாய்பாபா காலனியில் வெங்காயம் உரிக்கிற ஒருத்தியின் சொல்லைக் கேட்டு. டேப்லெட்டை மிக்ஸிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறேன். திரையில் அந்த கிராஃப் அப்படியே இருக்கிறது. நம்முடைய செயற்கைக்கோளில் ஒரு பெட்டி இருக்கிறது, ஜன்னலுக்கு நாலு கண்ணாடி இருப்பதுபோல அதற்கு நாலு கட்டம், வானத்திலிருந்து வந்து விழுகிற காமா கதிர்களை நாலும் தனித்தனியாக எண்ணிக்கொண்டே இருக்கும். தொலைவில் ஏதாவது நட்சத்திரம் வெடித்தால் நாலிலும் ஒரே நேரத்தில் எண்ணிக்கை ஏறும். வழிதவறிய துகள் ஒன்று பெட்டியில் இடித்தால் ஒரு கட்டத்தில் மட்டும் ஏறும். நாலும் ஏறினால் வெடிப்பு, ஏறாவிட்டால் குப்பை, இதுதான் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்த சட்டம். மூன்று ஏறினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அதற்கும் கேட்கத் தோன்றவில்லை. குப்பையில் போட்டுவிட்டது. அந்தக் குப்பையைக் கிளறுவதற்கு நாடு முழுக்க பத்தொன்பது பேர் இருக்கிறோம், ரிட்டயரான பேங்க் மேனேஜர், இரண்டு லெக்சரர், ஒரு கண் டாக்டர், அப்புறம் நான். சம்பளம் கிடையாது. தன்னார்வலர்கள் என்று மரியாதையான பெயர் இருக்கிறது. நான் வைத்திருக்கிற பெயர் வேறு.

நான்காவது கட்டம் குறைவாக இல்லை, பூஜ்யமாக இருந்தது. அதைத்தான் நான் பார்த்தேன். ஒரு வீடு அமைதியாக இருப்பதற்கும் வீட்டில் ஆளே இல்லாமல் இருப்பதற்கும் வித்தியாசம் தெரியாதவளா நான், கல்யாணமாகி இருபத்தேழு வருஷமாக இரண்டையும் பார்த்தாயிற்று. வெறும் வானத்தைப் பார்த்தாலே ஒரு கட்டத்தில் கொசகொசவென்று ஏதாவது விழுந்துகொண்டே இருக்கும். சுத்தமான பூஜ்யம் என்றால் அதை அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிரேசில் பக்கத்து வானத்தில் துகள் கூட்டம் அதிகம், அதைக் கடந்து வரும்போதெல்லாம் அந்த நான்காவதற்குக் கிறுக்குப் பிடித்துக் கண்டபடி எண்ணும், சில மணி நேரம் அணைத்துப் போடுவார்கள், அதைக் கம்ப்யூட்டரிடம் சொல்ல மறந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வேறு. மற்ற மூன்றும் ஒரே விநாடியில் ஏறி, ஒரு மேடு, அப்புறம் சின்னதாக இன்னொரு மேடு, இருபத்திரண்டு விநாடியில் அடங்கியிருக்கிறது. என்ன அழகான இறக்கம். இதுவரை ஆறாயிரம் கிராஃப் பார்த்திருப்பேன், இப்படி ஒன்று வந்ததில்லை. சூரியனைப்போல முப்பது நாற்பது மடங்கு எடையுள்ள ஒன்று தன் எடையைத் தானே தாங்காமல் உள்ளே சரிந்து விழுந்திருக்கிறது. அந்த வெளிச்சம் எழுநூறு கோடி வருஷம் நடந்ததோ, எண்ணூறு கோடி வருஷம் நடந்ததோ, வந்து சேர்ந்தது இன்று காலை ஒன்பது மணி இரண்டு நிமிடத்துக்கு, அப்போது நான் தேங்காய் துருவிக்கொண்டு பேப்பர்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். பரவாயில்லை. பத்து நாற்பதுக்குப் பார்த்துவிட்டேன். பத்து ஐம்பதுக்கு பிளெஸ்ஸியைப் பிடித்துவிட்டேன்.

டாக்டர் பிளெஸ்ஸி, நாகர்கோவில்காரி, முப்பத்தெட்டு வயது, நம் பெட்டியைப் பார்த்துக்கொள்கிற பெங்களூர் இன்ஸ்டிட்யூட்டில் இந்த வாரம் டியூட்டி அவளுக்கு. சர்ச் வாசலில் நின்று பேசினாள், பின்னால் பாட்டுச் சத்தம். "அக்கா, லேப்டாப் இல்ல, டெலஸ்கோப்காரங்களுக்குப் போன்லயே கோரிக்கை போடுதேன், நேரம் மட்டும் சொல்லுங்க, உலக நேரத்துல சொல்லுங்க." சொன்னேன். டைப் அடித்துக்கொண்டே கேட்டாள், "ஷ்யூர்தானேக்கா? ஜூன் வரைக்கும் நமக்கு ரெண்டே கோரிக்கைதான் இருக்கு." நான் என்ன சொன்னேன்? "உனக்குச் சந்தேகம்னா ஜெபம் முடிச்சுட்டு நிதானமா வா, அது அணைஞ்சு போகட்டும்." சிரித்தாள். நல்ல பெண், என் வாய்க்கு அவள் கோபித்துக்கொள்வதில்லை. அணைந்துபோகும் என்பது கேலியில்லை. காமா கதிர் இருபத்திரண்டு விநாடிதான், முடிந்துபோயிற்று, எங்கிருந்து வந்தது என்று நம் பெட்டிக்குத் தோராயமாகத்தான் தெரியும், கோவைக்குத் தெற்கே எங்கோ என்கிற மாதிரி. ஆனால் வெடித்த இடத்தில் எக்ஸ் கதிரில் ஒரு தணல் கிடக்கும், சில மணி நேரம், மங்கிக்கொண்டே. எக்ஸ் கதிர் டெலஸ்கோப் அதைப் பார்த்துவிட்டால் தெரு, வீட்டு நம்பர் வரை சொல்லிவிடலாம். பார்க்காவிட்டால் பன்னிரண்டாவது வெறுங்காற்று. பதினோரு தடவை நாங்கள் பத்தொன்பது பேரில் யாராவது கூப்பிட்டு, பதினொன்றும் ஒன்றுமில்லாமல் போயிருக்கிறது. அந்த இன்ஸ்டிட்யூட்டின் தலைவர் போன மாதம் எல்லோருக்கும் கடிதம் எழுதினார், பொழுதுபோகாதவர்களின் ஆர்வத்தை மதிக்கிறோம், அடுத்ததும் இப்படியென்றால் இந்த ஏற்பாட்டை நிறுத்திக்கொள்ளலாம் என்று. பொழுதுபோகாதவர்கள். எனக்கா பொழுது போகவில்லை. இன்று மட்டும் கறிக்குழம்பு, ரசம், கோழி வறுவல், ஒரு பொரியல், என் வீட்டுக்காரருடைய அக்கா பொள்ளாச்சியிலிருந்து பன்னிரண்டு மணிக்கு வருகிறார். இதற்கு நடுவில் ஒரு பிரபஞ்ச வெடிப்பு. நிறுத்திவிட்டால் காலை பத்திலிருந்து பதினொன்று வரை நான் என்ன செய்வேன் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை, டிவியில் நகை விளம்பரம் பார்ப்பேன், பைத்தியம் பிடிக்கும்.

"உன்ற நட்சத்திரக் கம்பெனி இன்னும் கூப்பிடலையா?" இவர் சமையலறை வாசலில் நிற்கிறார், கையில் பேப்பர், மூக்குக் கண்ணாடி நெற்றியில். மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறவர், ஆறு நாள் பேசாமல் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சேர்த்துப் பேசுவார். "பன்னண்டரை ஆகும்னு சொன்னனுங்களே." "வெடிச்சது எண்ணூறு கோடி வருசத்துக்கு முந்தியாச்சு, ஒரு மணி நேரம் உன்னால பொறுக்க முடியலையாக்கும்." "தள்ளி நில்லுங்க, எண்ணெய் தெறிக்கும்." தள்ளி நிற்கவில்லை. எட்டி டேப்லெட்டைப் பார்த்தார். "ஒரு பேஸ் போயிருக்குது" என்றார் நான்காவது கட்டத்தைக் காட்டி, மோட்டாரில் ஒரு லைனில் மட்டும் கரண்ட் வராதபோது சொல்வதுபோல. பாருங்கள், பத்தாவது பாஸ் பண்ணின மனுஷனுக்குத் தெரிகிறது. அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தை அவரிடம் காட்டினால் தலைகால் புரியாமல் போய்விடும் என்பதால் கறிவேப்பிலையைக் கொடுத்து உருவச் சொன்னேன். குக்கர் மூன்றாவது விசில். மூன்றா, நாலா. இதை எண்ண விட்டுவிட்டேன். ஆட்டுக்கறி ரப்பராக இருந்தாலும் குற்றம், பஞ்சாகக் கரைந்தாலும் குற்றம், அக்கா வருகிற அன்று மட்டும் இந்த வீட்டில் எல்லாம் பரீட்சை. குன்னூர் கான்வென்டில் சிஸ்டர் ஆர்சுலா சொல்வது இங்கிலீஷில்தான் காதில் விழுகிறது, தமிழில் சொன்னால், விடையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காதே, கொடுப்பதற்கு முன்னால் பார். நான் எப்போதும் முதலில் எழுதிக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் போய் நிற்பவள். தொண்ணூற்றாறு மார்க், நாலு மார்க் எங்கே என்று கேட்டால், அவசரம் சிஸ்டர். யுனிவர்சிட்டியில் பிஸிக்ஸில் ஒன்பதாவது இடம். அந்த எட்டுப் பேரும் அவசரப்படாதவர்களாக இருக்கும். இப்போது ஏன் இது நினைவுக்கு வருகிறது. விசில் நாலு. அணைத்தேன்.

இவருடைய அக்கா, செல்வநாயகி அண்ணி வந்தாயிற்று. சோபாவில் உட்காரவில்லை, நேரே சமையலறைக்கு வந்து மூடிகளைத் திறந்து பார்க்கிறார். "கறி வெந்துதா புள்ள?" "வெந்துதுங்க அண்ணி." "அந்த சிலேட்டுல என்ன?" இவர் வெளியிலிருந்து கத்துகிறார், "வானத்துல ஒண்ணு வெடிச்சிருச்சாம், உன்ற தம்பி பொண்டாட்டிதான் முதல்ல பாத்தாளாம்." அண்ணி கிராஃபைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்கு ஈ.சி.ஜி. எடுத்தப்ப இப்படித்தான் வந்துச்சு, ஒண்ணுமில்லைன்னு அனுப்பிட்டாங்க" என்றார். போன் அடித்தது. பன்னிரண்டு இருபது. கையைப் புடவையில் துடைத்தேன், துடைத்த இடத்தில் மஞ்சள். "அக்கா." அந்த ஒரு அக்காவிலேயே தெரிந்துவிட்டது. "ஒண்ணும் இல்லக்கா. அந்த இடத்துல எக்ஸ் கதிர்ல புதுசா எதுவுமே இல்ல. வேற ரெண்டு சேட்டிலைட்காரங்களையும் கேட்டேன், அந்த நேரத்துல அவங்க பெட்டியிலயும் எதுவும் ஏறல. நான் ஆட்டோல ஆபீஸ் போய்ட்டிருக்கேன், அங்கதான் நம்ம டேட்டாவ ஒழுங்கா பாக்க முடியும். நீங்க வருத்தப்படாதீங்க." வருத்தப்படாதே என்று என்னிடம் யாரும் சொல்லக்கூடாது, அதற்கே வருத்தம் வந்துவிடும். சரி என்று வைத்தேன். அண்ணி ரசத்தை ருசி பார்த்துவிட்டு, "உப்பு ஒரு கல்லு போடலாம்" என்கிறார். போட்டேன். எவ்வளவு போட்டேன் என்று தெரியாது.

இல்லை. எப்படி இல்லாமல் போகும். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சாதம் வைத்து, என் கை அதுபாட்டுக்குப் பரிமாறுகிறது, நான் அங்கே இல்லை, நான் அந்த மேட்டின் மேல் நிற்கிறேன். மூன்று கட்டத்தில் ஒரே விநாடியில் ஏறினது பொய்யாக இருக்க முடியாது. துகள் என்றால் ஒன்று. அப்படியென்றால் நிஜம். நிஜம் என்றால் இவ்வளவு பெரிய மேட்டை மற்ற இரண்டு சேட்டிலைட்டும் பார்த்திருக்க வேண்டும். ஒன்றைப் பூமி மறைத்திருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். இரண்டையுமா. "குழம்பு புள்ள." ஊற்றினேன். அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள், நானும் கனவு காணவில்லை, மேடு இருக்கிறது, அவர்களுக்கு மேடு இல்லை, இரண்டும் நிஜமாக இருக்க வேண்டுமென்றால் என்ன நடந்திருக்கும். அவர்கள் எதைப் பார்த்தார்கள். எந்த நேரத்தைப் பார்த்தார்கள். நான் சொன்ன நேரத்தை. நான் என்ன சொன்னேன். நாலு முப்பத்திரண்டு என்று சொன்னேன். எங்களுக்குக் காட்டுகிற பக்கத்தில் எல்லாம் இந்திய நேரம், எங்கள் வசதிக்காக, உலக நேரம் வேண்டுமென்றால் ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும், இரண்டு வருஷமாக மனசிலேயே கழிக்கிறேன், பேப்பர் எடுத்ததில்லை. ஒன்பது இரண்டு. இரண்டு நிமிடத்தில் முப்பது போகாது. மணியிலிருந்து ஒன்றை எடுத்து அறுபதாக்கி அறுபத்திரண்டு, முப்பது போனால் முப்பத்திரண்டு. ஒன்பதில் ஐந்து போனால் நாலு. ஒன்பதில். ஒன்பது எங்கே இருக்கிறது, ஒன்றைத்தான் எடுத்துவிட்டேனே, எட்டுதானே மிச்சம். எட்டில் ஐந்து போனால் மூன்று. மூன்று முப்பத்திரண்டு. ரசக் கரண்டி என் கையில் நிற்கிறது. மூன்று முப்பத்திரண்டு. ஒரு மணி நேரம். நான் ஒரு மணி நேரம் தள்ளிச் சொல்லியிருக்கிறேன், அந்த ஒரு மணி நேரத்துக்குள் நம் செயற்கைக்கோள் வேறு பக்கம் திரும்பிவிட்டது, திரும்பின பக்கத்தை வைத்துத்தான் பிளெஸ்ஸியின் போன் இடத்தைக் கணக்குப் போட்டிருக்கும், அந்த டெலஸ்கோப்பை வானத்தின் தப்பான மூலையைப் பார்க்க வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்புக் கழித்தல். ஏழு வயதுப் பிள்ளை போடும். "என்ன புள்ள, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்றும் நினைத்தேன், நினைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பன்னிரண்டாவதும் காற்று என்று எழுதிக்கொள்வார்கள், பதினொன்றோடு இதுவும் ஒன்று, யார் பெயருக்கும் களங்கமில்லை, கடை மூடும். சொன்னால் தலைவர் என்ன சொல்வார், கழிக்கத் தெரியாதவர்களை வைத்துக்கொண்டு நாம் காமா கதிர் பார்க்கிறோம் என்பார், சரியாகத்தான் சொல்வார், அப்போதும் கடை மூடும், என் பெயரோடு மூடும். இந்த வீட்டில் நான் தப்பு என்று ஒப்புக்கொண்டதை யாரும் கேட்டதில்லை, முக்கியமாக இப்போது இலையில் விரலால் சோற்றுக்கு வரப்பு கட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிற இந்த அம்மாள் கேட்டதில்லை. ஆனால் அது அங்கே கிடக்கிறதே. நாங்கள் பார்க்காத மூலையில் இந்த நிமிடமும் மங்கிக்கொண்டு. இப்போது விட்டால் அதை யாரும் இனிமேல் பார்க்க முடியாது, நானும், பிளெஸ்ஸியும், பிறக்கப்போகிற எவனும். என் முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முகம் எங்கே போகிறது. ரசப் பாத்திரத்தை அண்ணியின் இலை மேலேயே வைத்துவிட்டேன் போலிருக்கிறது, இவர் "ஏய் ஏய்" என்கிறார், பிளெஸ்ஸி போனை ஒரே ரிங்கில் எடுத்துவிட்டாள். "பிளெஸ்ஸி, நான் தப்பாச் சொல்லிட்டேன். கழித்தல் தப்பு. நாலு முப்பத்திரண்டு இல்ல, மூணு முப்பத்திரண்டு. உன் தப்பு இல்ல, டெலஸ்கோப் தப்பு இல்ல, என் தப்பு. கேக்குதா, சுகந்தி தப்பு. ஆட்டோவை ஓரமா நிறுத்தி இப்பவே மாத்திப் போடு." ஆட்டோ சத்தம் நின்றது. "அக்கா, மூணு முப்பத்திரண்டுன்னா இடமே மாறும்." "அதைத்தான் சொல்றேன்." "வைங்க, வைங்க, போடுதேன்." வைத்தேன். அண்ணி ரசப் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைத்தார். "இப்ப நீ தப்புன்னா சொன்ன?" என்றார். "ஆமாங்க அண்ணி." தம்பியைப் பார்த்தார். "தேதியைக் குறிச்சு வையுடா."

அந்த டெலஸ்கோப்பின் நாட்டுக்காரர்கள் முறைக்காமல் ஒப்புக்கொண்டார்களாம், அதே கோரிக்கையில் சேர்த்துக்கொள்கிறோம் என்று. மற்ற இரண்டு சேட்டிலைட்டில் ஒன்றுக்கு மூன்று முப்பத்திரண்டில் மேடு இருக்கிறது, பிளெஸ்ஸி ஆபீஸிலிருந்து ஒரு மணிக்கு மெசேஜ் அனுப்பினாள், இரண்டாவதைப் பூமி மறைத்திருக்கிறது. பார், ஒப்புக்கொள்கிறேன் என்றேனே. பாத்திரம் தேய்த்தேன், தேய்த்ததையே தேய்த்தேன். இரண்டு மணிக்கு மறுபடி போன். "அக்கா, ஒரு புள்ளி இருக்கு. அறுபத்தொண்ணு எண்ணிக்கை. எந்தப் பட்டியல்லயும் இல்ல." நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து உடனே எழுந்தேன். பட்டியலில் இல்லாத புள்ளி என்றால் யாரும் இதுவரை கவனிக்காத ஏதோ ஒரு சாதாரண நட்சத்திரமாகவும் இருக்கலாம், அங்கேயே வருஷக்கணக்காக ஒரே மாதிரி எரிந்துகொண்டிருப்பது. மங்கினால்தான் நிஜம். அந்த டெலஸ்கோப் பூமியை ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடி அதே இடத்தை அதே அளவு நேரம் பார்க்க வேண்டும், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அறுபத்தொன்று அறுபத்தொன்றாகவே நின்றால் போயிற்று. என்ன வேலை இது, ஒரு விளக்கு மங்க வேண்டும் என்று காத்திருப்பது. வீட்டில் எதுவும் மங்கக் கூடாது, பாத்திரம், பித்தளை, தோல், கண், எல்லாவற்றுக்கும் ஒரு பொடி, ஒரு தைலம், நாற்பத்தொன்பது வயதில் கண்ணாடி முன்னால் நின்று எதை எதையோ தடுத்துப் பார்க்கிறோம். இது ஒன்று மங்கட்டும். நன்றாக மங்கட்டும். எத்தனை வேகமாகப் போகிறதோ அத்தனைக்கு நீ வெடித்தது நிஜம், நீ இருந்தது நிஜம், போ, போய்க்கொண்டே இரு. இவர் குட்டித் தூக்கம் போடவில்லை. பேப்பரை ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டிய அண்ணி பையை மடியில் வைத்துக்கொண்டு, "அடுத்த பஸ்ல போய்க்கறேன், இது என்னன்னு தெரியாம போனா அங்க போயி எனக்குத் தூக்கம் வராது" என்கிறார்.

மூன்று ஐம்பத்தைந்து. ஸ்பீக்கரில் போடச் சொன்னார் அண்ணி, போட்டேன். பிளெஸ்ஸி ஏதோ தாளைத் திருப்புகிற சத்தம். "சொல்லுடி." "முப்பத்தெட்டு." நான் அந்த எண்ணை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். "முப்பத்தெட்டு, அக்கா. மங்கிட்டிருக்கு." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று மூக்கு வழியாக வருகிறது. "கொறஞ்சு போச்சுன்னா நல்லதா கெட்டதா?" என்று அண்ணி ரகசியமாகக் கேட்க, இவர், "நல்லதுக்கா, நல்லது, சும்மா இரு" என்கிறார், இவர் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பிளெஸ்ஸி மளமளவென்று சொல்லிக்கொண்டு போகிறாள், இன்னும் ஒரு மணி நேரத்தில் அறிக்கை உலகம் முழுக்கப் போக வேண்டும், பெரிய டெலஸ்கோப் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் அந்த இடத்தைப் பார்ப்பார்கள், அதில் கண்டவர் என்று என் பெயர் வரும். "அப்புறம் அக்கா, ரெண்டு மணி நேரம் லேட் ஆனதுக்குக் காரணம் எழுதணும். நேரத்தை மாத்தும்போது பிழைன்னு மட்டும் போடுதேன். யாருன்னு போடல. நம்ம தலைவர் படிப்பாருல்லா." படிப்பார். பொழுதுபோகாதவர்கள் என்று எழுதின அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பார். "போடு." "என்னதுக்கா?" "யாருன்னு போடு. கண்டது சுகந்தி, கழிச்சது சுகந்தி, தப்புன்னு சொன்னதும் சுகந்தி. மூணும் ஒரே ஆளுன்னு தெரியட்டும். நாளைக்கு நான் ஒண்ணைப் பாத்து நிஜம்னு சொன்னா அவரு நம்பணுமில்ல, சும்மா நல்ல பேரை மட்டும் வச்சிருந்தா எதை வச்சு நம்புவாரு?" அந்தப் பக்கம் கீபோர்ட் சத்தம், அவள் அடித்துக்கொண்டே படிக்கிறாள், கண்டவர் சுகந்தி, தன்னார்வலர், கோயம்புத்தூர், நேரப் பிழை அவருடையது, அவராலேயே கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது. "சரியாக்கா?" "சரி. அனுப்பு." "ஒருவாட்டி முழுசா படிச்சுக் காட்டட்டா?" அனுப்பு அனுப்பு என்றுதான் நாக்கு நுனியில் நின்றது. நாற்காலியில் உட்கார்ந்து டேப்லெட்டை எடுத்து மடியில் வைத்தேன், ஒரு பேனா கேட்டேன், இவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "படி, மெதுவா படி" என்றேன், "முதல் வரியிலிருந்து."